டயாலிசிஸ் யூனிட் வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன்; சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் வேலை. தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் வேலை. ஊசி குத்தும்போதும் மெஷின் ஓடும்போதும் யாரும் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. எல்லாம் முடிந்து, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் "தம்பி, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சந்தேகங்களைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தடவைக்கு 4 மணி நேரம் வீதம் வாரம் மூன்று டயாலிசிஸ் என்றால் 12 மணி நேரம்தான் எங்கள் கையில். மீதி 156 மணி நேரம் உங்கள் வீட்டில் கழிகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் மெஷினைவிட சமையலறை அதிகம் வரும். மருந்தின் அளவு எதையும் சொல்லப் போவதில்லை. அது உங்கள் நெப்ராலஜிஸ்ட் (சிறுநீரக டாக்டர்) சொல்ல வேண்டியது.

கிரியேட்டினின் 6 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. உடனே டயாலிசிஸ் போட வேண்டுமா?

அந்த ஒரு எண்ணை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் தேங்கும். உழைத்து உரமேறிய உடம்புக்கும், 40 கிலோ எடையுள்ள பாட்டிக்கும் ஒரே 6 ஒரே அர்த்தம் தராது. அதனால்தான் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற இன்னொரு எண் போடுகிறார்கள். அது 15-க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை, அதாவது கடைசி நிலை. அப்போதும்கூட உடம்பு தாங்குகிற வரை பல டாக்டர்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், படுத்தால் மூச்சுத் திணறல், மருந்துக்கு அடங்காத வீக்கம், குறையாத பொட்டாசியம், மந்தமாகவோ குழப்பமாகவோ பேசுவது, இவை வந்தால் காத்திருக்க மாட்டார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம்" என்று டாக்டர் சொன்னால் அதைச் சும்மா இருக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) போட்டுக்கொள்ளக் கிடைத்த அவகாசம் அது. அந்த அவகாசத்தை வீணாக்கிவிட்டு, கடைசியில் நள்ளிரவில் மூச்சு வாங்கியபடி வந்து கழுத்தில் குழாய் போட்டுக்கொள்பவர்கள்தான் அதிகம்.

ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் விடவே முடியாதாமே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதால் வரும் பயம். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கடுமையான வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் கிருமி பரவுவது போன்றவற்றால் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகும். அவர்களுக்குச் சில தடவை, சில வாரம் டயாலிசிஸ் செய்வோம். பலருக்கு சிறுநீரகம் திரும்ப வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அப்புறம் எங்கள் பக்கமே வரமாட்டார்கள். சர்க்கரையாலோ ரத்த அழுத்தத்தாலோ வருடக்கணக்கில் பழுதாகிச் சுருங்கிப்போன சிறுநீரகம் அப்படித் திரும்பாது. அவர்களுக்குத் தொடர்ந்து தேவைப்படுவது நோயின் தன்மையால். மெஷினுக்கு உடம்பு பழகிவிடுவதெல்லாம் கிடையாது.

"மெஷினில் போட்ட பிறகுதானே மூத்திரம் குறைந்தது?" என்றும் கேட்பார்கள். குறைவது உண்மைதான். நோய் முற்றுவது முக்கியக் காரணம். அதோடு, ஒவ்வொரு தடவையும் அதிகமாக நீர் எடுத்து பிரஷர் விழுந்துகொண்டே இருந்தால் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் அடிவாங்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் சிறுநீர் போனாலே அது பெரிய சொத்து. அதைக் காப்பாற்றத்தான் வலி மாத்திரை வேண்டாம் என்றும், எடையைக் கட்டுக்குள் வையுங்கள் என்றும் சொல்கிறோம்.

மெஷின் உள்ளே என்னதான் நடக்கிறது? ரத்தம் முழுவதையும் வெளியே எடுத்துவிடுவீர்களா?

இல்லை. எந்த நேரத்திலும் உடம்புக்கு வெளியே இருப்பது ஏறக்குறைய ஒரு டம்ளர் ரத்தம்தான். மெஷின் பக்கத்தில் செங்குத்தாக மாட்டியிருக்கும் உருளைதான் டயலைசர். அதனுள் தலைமுடி போல மெல்லிய, உள்ளே துளையுள்ள இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இழைக்குள் ரத்தம் ஓடும். வெளியே எதிர்த்திசையில் டயாலிசிஸ் திரவம் ஓடும். யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் எல்லாம் அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு நகரும். ரத்த அணுக்கள் பெரியவை, இழையின் நுண்துளை வழியே போக முடியாது. திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடுகிறது என்றால் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அவ்வளவு தண்ணீர் உங்கள் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடப்போகிறது என்பதால்தான் யூனிட்டில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட்டைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

நெதர்லாந்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943-ல், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் சாசேஜ் உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி முதல் மெஷினைச் செய்தார். முதலில் வந்த பதினைந்து பேர் வரை பெரும்பாலும் பிழைக்கவில்லை. 1945-ல் 67 வயதுப் பெண் ஒருவர் நினைவு திரும்பி எழுந்தார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ரத்தக்குழாயை அறுக்க வேண்டியிருந்ததால் அதை நீண்ட நாள் சிகிச்சையாகக் கொடுக்க முடியவில்லை. 1960-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர் நோயாளியின் கையிலேயே நிரந்தரமாக ஒரு குழாயைப் பொருத்திய பிறகுதான் நாள்பட்ட நோயாளிகளுக்கு வழி பிறந்தது. 1966-ல் ஃபிஸ்டுலா வந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் செய்யும் எல்லா வேலையையும் மெஷின் செய்வதில்லை. ரத்தம் ஊறத் தூண்டும் எரித்ரோபொய்டினைச் சுரப்பதும், வைட்டமின் டி-யைப் பயன்படும் நிலைக்கு மாற்றுவதும் சிறுநீரகத்தின் வேலைகள். அதற்காகத்தான் அந்த ஊசியும் மாத்திரையும். "டயாலிசிஸ்தான் செய்கிறோமே, மாத்திரை எதற்கு" என்று நிறுத்திவிடாதீர்கள்.

கழுத்தில்தான் குழாய் போட்டாயிற்றே, கையில் எதற்கு ஆபரேஷன்?

கழுத்துக் குழாயின் ஒரு முனை வெளியே, மறுமுனை இதயத்துக்குப் பக்கத்தில். கிருமி உள்ளே போவதற்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை. தோலுக்கடியில் சுரங்கம் போல விட்டுப் பொருத்தும் பெர்ம்கேத் மாதக்கணக்கில் தாங்கும்; சாதாரணக் குழாய் சில வாரத்துக்குத்தான். ஃபிஸ்டுலா நல்லபடி அமைந்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

ஃபிஸ்டுலா என்பது தமனியையும் சிரையையும் (நாம் பேச்சில் நரம்பு என்கிறோமே, அது) தைத்து இணைப்பது. பெரும்பாலும் மணிக்கட்டுக்கு மேலே, அதிகம் புழங்காத கையில். தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து, சிரை பெருத்துத் தடிமனாக 6 வாரத்திலிருந்து 3 மாதம் வரை ஆகும். அதற்கு முன் குத்தினால் கெட்டுப்போகும். ரப்பர் பந்தை அமுக்கும் பயிற்சியைத் தையல் ஆறிய பிறகு டாக்டர் சொல்லும்போது தொடங்கலாம்.

கிரியேட்டினின் ஏற ஆரம்பித்தவர்கள் இப்போதே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், டிரிப்ஸ் ஏற்றவோ ரத்தம் எடுக்கவோ முன்னங்கையைக் கொடுக்காதீர்கள். புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். நாலு தடவை காய்ச்சலுக்கு டிரிப்ஸ் ஏற்றியே நல்ல நரம்பெல்லாம் கெட்டு, ஃபிஸ்டுலாவுக்கு இடமில்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஃபிஸ்டுலா கையை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி கூடாது, தண்ணீர்க்குடம் தூக்கக் கூடாது. இறுக்கமான வளையல், வாட்ச், காப்பு வேண்டாம். தலைக்கு அணையாக வைத்துத் தூங்கக் கூடாது. இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் வற்புறுத்துவது தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பதைத்தான். விரலை வைத்தால் பூனை மடியில் படுத்து உறுமுவது போல ஒரு அதிர்வு தெரிய வேண்டும். காதை வைத்தால் "உஸ்... உஸ்..." என்று கேட்க வேண்டும்.

எங்களிடம் வரும் ஒரு பாட்டிக்கு விரலில் உணர்ச்சி குறைவு, சர்க்கரை. அதனால் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன்தான் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் பாட்டியின் கையில் காதை வைத்துக் கேட்பான். "இன்ஜின் ஓடுது பாட்டி" என்பானாம். ஒரு நாள் காலை சீருடையோடு எனக்கு போன் செய்தான்: "அண்ணா, இன்ஜின் நின்னுடுச்சு." அன்றைக்கே ரத்தக்கட்டியை எடுத்து ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற முடிந்தது. இரண்டு நாள் கழித்து டயாலிசிஸுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் மறுபடி கழுத்துக் குழாய்தான்.

குத்திய இடத்தில் வீட்டில் ரத்தம் கசிந்தால், பஞ்சை வைத்து அந்தப் புள்ளியிலேயே விரலால் அழுத்துங்கள், கையை உயர்த்துங்கள். துண்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டாதீர்கள்; அடியில் ரத்தம் போய்க்கொண்டிருப்பது தெரியாது. பீறிட்டு வந்தாலோ, 15 நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றாலோ 108. போகிற வழியெல்லாம் விரலை எடுக்கக் கூடாது.

டிரை வெயிட், டிரை வெயிட் என்கிறீர்களே, அது என்ன?

உடம்பில் மிகை நீர் இல்லாதபோது இருக்கும் எடை. வீக்கம் இல்லை, படுத்தால் மூச்சு வாங்கவில்லை, பிரஷர் சரி, எழுந்து நின்றால் தலை சுற்றவில்லை; அந்த எடைதான் இலக்கு. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறும் எடை சதை அல்ல, தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ.

எங்களுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. மணிக்கு, கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுத்தால் இதயத்துக்கு நல்லதில்லை என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர். ஒருவர் மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் ஐந்தே கால் கிலோ கூடி வந்தார். "விருந்தில் தண்ணியே குடிக்கல தம்பி" என்று சத்தியம் செய்தார். பொய் சொல்லவில்லை. சாம்பார், ரசம், இரண்டு பாயசம், மோர், நடுநடுவே காபி, கூடவே அப்பளமும் ஊறுகாயும். அவர் கணக்கில் இவை எதுவும் தண்ணீர் இல்லை. அன்றைக்கு நீர் எடுக்க எடுக்கக் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, பிரஷர் 80-க்கு இறங்கி, பாதியில் நிறுத்தி, மறுநாளும் வரவழைத்தோம்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் எடை மெஷின் வாங்குங்கள். தினமும் காலையில், கழிவறை போய்வந்த பிறகு, ஒரே மாதிரி உடையில் நின்று எடையைக் காலண்டரில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குள் இருந்தால் நிம்மதி. பசி நன்றாகி உண்மையிலேயே சதை போட்டால் டிரை வெயிட்டை மாற்ற வேண்டும். இளைத்தாலும் மாற்ற வேண்டும். அதனால் "நன்றாகச் சாப்பிடுகிறார்", "சாப்பிடவே இல்லை" என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்? சித்திரை வெயிலில் தாகத்தை எப்படி அடக்குவது?

பொதுவான கணக்கு: முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர், மிஞ்சினால் முக்கால் லிட்டர். சிறுநீரே போகாதவருக்கு மொத்தமே அவ்வளவுதான். இதில் காபி, ரசம், கஞ்சி, மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றிவைத்து, எதைக் குடித்தாலும் அதே அளவை பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

தாகத்துக்கு என் பதில் தண்ணீர்ப் பக்கத்தில் இல்லை, உப்புப் பக்கத்தில் இருக்கிறது. உடம்பில் தங்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஒரு லிட்டர் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உப்பைக் குறைக்காமல் தாகத்தை மட்டும் அடக்கச் சொல்வது கொடுமை. உப்பு குறைந்தால் தாகமும் இறங்கும். அது போக, சின்ன டம்ளர், வாயில் ஒரு ஐஸ் கட்டி, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்புவது, இவையும் உதவும். சர்க்கரை ஏறியிருந்தாலும் நா வறளும், அதையும் பாருங்கள்.

சாதாரண உப்புக்குப் பதில் இந்துப்பு போடுகிறோம். பரவாயில்லையா?

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு, உடம்பில் செய்யும் வேலை அதேதான். இன்னும் ஆபத்தானது "லோ சோடியம்" என்று கடையில் விற்கும் உப்பு. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பார்கள். பிரஷர் உள்ள மற்றவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம், டயாலிசிஸ் நோயாளிக்கு விஷம் மாதிரி.

நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். நோயாளியின் பங்கை உப்பில்லாமல் எடுத்துவைத்துவிட்டு, அளந்த உப்பை இலையில் தனியாகப் போட்டுக் கொடுப்பது எங்கள் பக்க வீடுகளில் நடைமுறைக்கு ஒத்துவந்த வழி. நாக்கில் நேராகப் படுவதால் கொஞ்சமே போதும். கருவாடு, மோர் மிளகாய், வடகம், அப்பளம், ஊறுகாய், பாக்கெட் மிக்சர் ஆகியவற்றுக்கு விடை கொடுக்க வேண்டியதுதான். எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, பூண்டு கைகொடுக்கும்.

இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சிதானே?

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு. டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு பெரிய இளநீர் ஒரு வாழைப்பழத்தைவிட அதிகப் பொட்டாசியத்தைக் கொண்டுவந்து இறக்கும். வெளியேற வழி இல்லை. பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. கால் தொய்ந்துபோவது சிலருக்கு வரும், சிலருக்கு நேரடியாக இதயத் துடிப்பு தடுமாறும். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கும் உறவினர்கள் கையில் இளநீரும் ஆரஞ்சும் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். அன்பாகத்தான் கொண்டுவருகிறார்கள். என்ன செய்ய?

வாழை, ஆரஞ்சு, சாத்துக்குடி, மாம்பழம், பலா, சப்போட்டா, பேரீச்சை, உலர்திராட்சை, தக்காளி சூப், கீரைச் சாறு, உருளைக்கிழங்கு, சேனை, மரவள்ளி ஆகியவை அதிகப் பட்டியல். ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி, கொஞ்சம் பப்பாளி பரவாயில்லை, அதுவும் ஒரு கிண்ணத்துக்குள். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். பொட்டாசியத்தில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். வடித்த தண்ணீரில் சத்து இருக்கிறது என்று ரசம் வைத்துவிடாதீர்கள். நட்சத்திரப் பழம் மட்டும் ஒரு துண்டுகூட வேண்டாம்: அதில் உள்ள நச்சு, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?

டயாலிசிஸுக்கு முன்னால் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். ஆரம்பித்த பிறகு கதை தலைகீழ். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அமினோ அமிலமும் கழிவோடு போய்விடுகிறது. இப்போது நாளுக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். பழைய டயட் சீட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்துக்கொண்டு அதையே தொடர்கிற வீடுகள் ஏராளம். ஆள் எலும்பும் தோலுமாகி, அதனாலேயே கால் வீங்கி வருவார். முட்டை வெள்ளைக்கரு மிக நல்லது, ஒன்றில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. மீன், கோழி அளவாக. சைவம் என்றால் பனீர், பருப்பு எவ்வளவு என்று டயட்டீஷியனிடம் கேட்டு அளந்து கொடுங்கள்.

ராத்திரியெல்லாம் உடம்பு அரிக்கிறது. தோல் நோயா?

பாஸ்பரஸ் ஏறியிருக்கலாம், டயாலிசிஸ் போதாமல் இருக்கலாம், வெறும் வறட்சியாகவும் இருக்கலாம். பாஸ்பரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள். சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடிப்பதுதான் அதன் வேலை. வெறும் வயிற்றில் போட்டால் வீண். குளிர்பானங்களும் பாக்கெட் தீனியும் நிற்கட்டும். தேங்காய் எண்ணெய் தடவலாம்.

சர்க்கரை தானாகவே குறைந்துவிட்டது. நோய் குணமாகிறதா?

வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும், இல்லை. இன்சுலினை உடம்பிலிருந்து கழிப்பதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. அது கெட்டால் போட்ட இன்சுலின் நீண்ட நேரம் உடம்பில் நின்று வேலை செய்யும். பசியும் குறைந்திருக்கும். அதனால் பழைய அளவே இப்போது அதிகம். விடியற்காலையில் வியர்த்து, பேச்சு குழறினால் உடனே சர்க்கரை பாருங்கள். தாழ்ந்திருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள், ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம். மருந்தின் அளவை டாக்டரிடம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

டயாலிசிஸ் நடுவில் பிரஷர் விழுவதும் கால் பிடித்து இழுப்பதும் ஏன்?

பெரும்பாலும் குறைந்த நேரத்தில் அதிக நீர் எடுப்பதால். காலையில் பிரஷர் மாத்திரை போட்டுவிட்டு வந்திருந்தாலும் விழும். அன்று எதைப் போடலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மெஷின் ஓடும்போது நான்கு இட்லி சாப்பிட்டாலும் ரத்தம் வயிற்றுப் பக்கம் போய் பிரஷர் இறங்கும். கொட்டாவி மேல் கொட்டாவி, கண் இருட்டல், குமட்டல் இருந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். "தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன்" என்பவர்கள்தான் மயங்கி விழுவார்கள். முதல் தடவை இரண்டு மணி நேரம்தான் ஓட்டுவோம். யூரியாவைச் சடாரென்று இறக்கினால் மூளையில் நீர் கோத்துத் தலைவலியும் வாந்தியும் வரும் என்பதால். ஏமாற்றிவிட்டதாக நினைக்காதீர்கள்.

வாரம் இரண்டு போதாதா? ஒரு தடவை விட்டால் என்ன?

சிறுநீர் ஓரளவு போகிறவர்களுக்குச் சில காலம் இரண்டு போதலாம், அதை டாக்டர் சொல்ல வேண்டும். நம் ஊரில் பலர் பணத்தாலும் பஸ் வசதியாலும் இரண்டோடு நிறுத்துகிறார்கள், மருத்துவக் காரணத்தால் அல்ல. வாரம் மூன்று செய்பவர்களுக்கும் ஒரு தடவை இரண்டு நாள் இடைவெளி வரும். அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் திடீர் மரணங்கள் கூடுகின்றன. அதற்கு முன்னாலோ பின்னாலோ வரும் முறையை விடுவது மிக மோசமான தேர்வு. நல்ல காரியமோ கெட்ட காரியமோ வந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், ஷிப்டை மாற்றித் தருவோம்.

ரத்தம் குறைவு என்கிறார்கள். ஒரு பாட்டில் ஏற்றிவிடலாமே?

அவசரம் என்றால் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் எண்ணம் இருந்தால் முடிந்தவரை தவிருங்கள். அடுத்தவர் ரத்தம் ஏற ஏற, உடம்பு எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கி, பிறகு பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகும். எரித்ரோபொய்டின் ஊசியும் இரும்பு ஊசியும் முறையாகப் போனால் ஹீமோகுளோபின் 10, 11 அளவில் நிற்கும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை இரட்டை அளவில், எல்லாத் தவணையும் போட்டுவிடுங்கள். பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை சில மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூட்டு வலிக்கு மாத்திரை? சித்த மருந்து?

டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென் வேண்டாம். பாராசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப்பில் "கிட்னி பேஷண்ட்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். பாதரசமோ ஈயமோ சேர்ந்த பஸ்பம், செந்தூரம் மிச்சமுள்ள சிறுநீரகத்தையும் முடித்துவிடும். கிட்னியைக் கழுவும் லேகியம் என்று எதுவும் கிடையாது.

செலவுக்கு எங்கே போவது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் யூனிட் உண்டு. ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் என்ற மத்திய அரசுத் திட்டம் 2016-ல் தொடங்கியது. கார்டு வருவதற்கு முன்பே நகையை அடகு வைத்துவிட்டு வருகிறார்கள் பலர். டாக்டர் "டயாலிசிஸ் வரலாம்" என்று சொன்ன அன்றைக்கே கார்டு வேலையைத் தொடங்குங்கள்.

வயிற்றில் செய்யும் டயாலிசிஸ் என்கிறார்களே? மாற்றுச் சிறுநீரகம்?

வயிற்றுக்குள் குழாய் வைத்து, ஒரு தடவைக்கு சுமார் 2 லிட்டர் திரவம் வீதம் நாளுக்கு மூன்று நான்கு முறை வீட்டிலேயே மாற்றுவது சி.ஏ.பி.டி. யூனிட் தொலைவில் இருப்பவர்களுக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கும் நல்ல வழி. கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் கிருமி. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

உடம்பு தாங்கும் என்றால் மாற்றுச் சிறுநீரகம்தான் எல்லாவற்றிலும் மேல். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோர் சட்டப்படி நெருங்கிய உறவு. கொடுக்க ஆள் இல்லையென்றால், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் ஆஸ்பத்திரி வழியாகப் பதிவு செய்ய வேண்டும். வரிசை நீளம், அதனால் சீக்கிரம் பதியுங்கள். எங்கள் யூனிட்டில் பார்த்தவரை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அம்மாவும் மனைவியும்தான். அதைப் பற்றி நான் என்ன சொல்ல.

எதற்கெல்லாம் உடனே ஓடிவர வேண்டும்?

படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, திடீரென்று கை கால் தொய்வது, கழுத்துக் குழாய் உள்ளவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், ஃபிஸ்டுலாவில் அதிர்வு நிற்பது, நிற்காத ரத்தம். இதில் எதற்கும் அடுத்த முறை வரும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும்.

எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். "என்னை விட்டுடுங்க" என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

டயாலிசிஸ் முடிந்த அன்று மாலை உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். அப்போது மருந்து, வரவு செலவு எதையும் பேசாதீர்கள், தூங்கவிடுங்கள். தினமும் அந்தப் பேச்சு வந்தால், சாப்பாட்டையே ஒதுக்கினால், மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. அவரால் முடிந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். காலண்டரில் எடையை அவரே எழுதட்டும். எங்களிடம் வரும் ஒரு தையற்காரர் வாரம் நான்கு நாள் கடை திறக்கிறார்.

கூட வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஆள் எல்லாத் தடவையும் வராதீர்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் கொண்டுவந்து கொண்டுவந்து, தன் பிரஷரைப் பார்க்க மறந்து, பக்கவாதம் வந்த மகனையும் பார்த்திருக்கிறேன்.

திருப்பதிக்கு ஒரு நடை போய்வரலாமா?

போகலாம். டயாலிசிஸுக்கு மறுநாள் கிளம்பி, அடுத்ததற்குள் திரும்பினால் சுலபம். அதற்கு மேல் தங்குவதானால் போகிற ஊரில் உள்ள யூனிட்டில் இரண்டு மூன்று வாரம் முன்பே இடம் சொல்லிவையுங்கள். சமீபத்திய பி, சி, எச்.ஐ.வி. ரிப்போர்ட், டிரை வெயிட், எந்த டயலைசர், ஹீப்பாரின் (ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து) அளவு, கடைசி மூன்று தடவையின் குறிப்பு, இவற்றை எங்களிடம் கேட்டால் ஒரே தாளில் எழுதித் தருவோம். மலைப்பாதையை நடந்து ஏற வேண்டாம், பஸ்ஸில் போங்கள். லட்டு கொஞ்சமாக, அதில் முந்திரியும் உலர்திராட்சையும் இருக்கிறது. எங்களுக்கு எவ்வளவு கொண்டுவந்தாலும் ஆட்சேபம் இல்லை.